சன்மானம் இல்லாத சாம்ராஜ்யம்

*ஏதென்ஸில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பேசப் பழகி, அமெரிக்காவில் பத்திரிகை முதலாளி ஆனவர் அரியானா ஹஃபிங்டன். அவர் கட்டிய தளமும், அதற்கு எழுதியவர்களின் கணக்கும்.*

2011 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவின் டாலஸ் நகரை ஒட்டிய ஆர்லிங்டன் அரங்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். நாட்டையே தொலைக்காட்சி முன் உட்கார வைக்கும், அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். ஆட்டம் பார்க்க டாலஸ் வந்தவர்களில் ஏ.ஓ.எல் இணைய நிறுவனத் தலைவர் டிம் ஆர்ம்ஸ்ட்ராங் ஒருவர். கிரேக்க உச்சரிப்பு மாறாத ஆங்கிலம் பேசும் 60 வயது அரியானா ஹஃபிங்டன் இன்னொருவர். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒப்பந்தம் முடிகிறது. அரியானா தொடங்கி ஆறு ஆண்டுகூட ஆகாத 'ஹஃபிங்டன் போஸ்ட்' இணையதளம் 31.5 கோடி டாலருக்கு ஏ.ஓ.எல் கைக்கு மாறுகிறது. அதில் 30 கோடி ரொக்கம். நள்ளிரவு தாண்டியதும் அறிவிப்பு வருகிறது.

அதே வார இறுதியில் அந்தத் தளத்தில் ஒரு சின்னச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு: 'சூப்பர் பௌல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?' அதற்காக எந்த நிருபரும் எங்கும் போகவில்லை. கூகுளில் மக்கள் தட்டுகிற கேள்வியை அப்படியே எடுத்துத் தலைப்பாக்கி, கீழே நேரத்தைப் போட்டிருந்தார்கள். அள்ளிக்கொண்டு போனது. பெரிய பத்திரிகைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், பிறகு அவர்களும் அதையே செய்தார்கள். மழைக்காலத்தில் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?' என்ற தலைப்பைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் தினமும் பார்க்கிறோமே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

ஒப்பந்தச் செய்தி வெளியான அன்று, அந்தத் தளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் பைசா வாங்காமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் எழுதி வளர்த்த இடத்துக்கு இப்படி ஒரு விலை உண்டு என்பதே அவர்களில் பலருக்கு அன்று காலைதான் தெரியும்.

மழையில் பார்த்த கேம்பிரிட்ஜ்

1950 ஜூலை 15 அன்று ஏதென்ஸில் பிறந்தவர் அரியானா. அப்பா கான்ஸ்டன்டினோஸ் ஸ்டாசினோபுலோஸ் பத்திரிகையாளர். ஜெர்மானியர்கள் கிரேக்கத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ரகசியப் பத்திரிகை நடத்தி, பிடிபட்டு, வதைமுகாமுக்குப் போய் மீண்டவர். போருக்குப் பிறகு அவர் தொடங்கிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நொடித்துப் போயின. பத்திரிகை என்றால் வீட்டில் காசு கரையும் என்பதைப் பார்த்து வளர்ந்த குழந்தை அரியானா. பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா எல்லி இரண்டு மகள்களோடு ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வந்தார்.

ஒரு பத்திரிகையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் படத்தைப் பார்த்த சிறுமி, அங்கே படிக்கப் போவதாகச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. மலிவு டிக்கெட் எடுத்து மகளை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார் எல்லி. அங்கே யாரையும் சந்திக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் ஏறி இறங்கவில்லை. மழையில் இருவரும் கேம்பிரிட்ஜ் தெருக்களில் நடந்து, கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். போய்ச் சேரப்போகும் இடத்தை மகள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் கணக்கு. மகள்களின் படிப்புக்காகக் கடைசித் தங்கத் தோட்டையும் அம்மா விற்றதாக அரியானா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நம் ஊரிலும் எத்தனையோ பட்டப்படிப்புகளுக்குப் பின்னால் ஓர் அம்மாவின் நகை இருக்கிறது.

கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்தது. அவருடைய உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். அந்த உச்சரிப்போடுதான் கேம்பிரிட்ஜ் யூனியன் விவாத மன்றத்தில் எழுந்து பேசினார், 1971-இல் அதன் தலைவரும் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த மூன்றாவது பெண். 1973-இல் முதல் புத்தகம் 'தி ஃபீமேல் வுமன்' வந்தது. ஜெர்மைன் கிரீர் எழுதிய புகழ்பெற்ற பெண்ணியப் புத்தகத்துக்கு எதிர்வாதம் அது.

இரண்டாவது புத்தகம் சறுக்கியது. முப்பதுக்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கையில் இருந்த பணமும் தீர்ந்த நிலையில், லண்டன் தெருவில் நடந்துகொண்டிருந்தவர் கண்ணில் பட்ட வங்கிக்குள் நுழைந்து மேலாளரிடம் கடன் கேட்டார். அடமானம் வைக்க ஒன்றுமில்லை. மேலாளர் கடன் கொடுத்தார். முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து, தன்மேல் நம்பிக்கை வரும்படி பேசுவது. அரியானாவின் தொழில் திறமைகளில் முதலாவது அதுதான் என்பேன். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அதுவே மூலதனம்.

கட்சி மாறிய காலம்

1980-இல் லண்டனை விட்டு நியூயார்க் வந்தார். அங்கே பெயர் வாங்கித் தந்தது பாடகி மரியா கல்லாஸின் வாழ்க்கை வரலாறு. அதில் வேறொருவர் எழுத்தை எடுத்தாண்டதாக வந்த புகார் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. 1986-இல் எண்ணெய்த் தொழில் வாரிசு மைக்கேல் ஹஃபிங்டனோடு திருமணம், 1990-இல் அமெரிக்கக் குடியுரிமை, இரண்டு மகள்கள். 1992-இல் கணவர் குடியரசுக் கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

1994-இல் மைக்கேல் கலிஃபோர்னியாவிலிருந்து செனட் தேர்தலில் நின்றார். சொந்தப் பணம் மட்டும் ஏறக்குறைய 2.8 கோடி டாலர் செலவு. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் ஆவணமில்லாத குடியேறிகளுக்கு அரசுப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் '187' என்ற சட்ட முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. மைக்கேல் அதை ஆதரித்தார். வாக்குப்பதிவு நெருங்கும்போது, அவர் வீட்டிலேயே ஆவணமில்லாத குடியேறிப் பெண் ஒருவர் பல ஆண்டுகள் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்தது வெளியே வந்தது. ஜனநாயகக் கட்சியின் டயான் ஃபைன்ஸ்டைனிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார் மைக்கேல்.

அந்த வீட்டில் குடியேறிப் பெண்கள் இருவர் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வரவேற்பறை, இன்னொருவருக்குக் குழந்தைகள் அறை. அரியானாவின் வெற்றிக் கதையைச் சொல்லும் மேடைகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை. குடியேறியவர்களின் முன்னேற்றத்தைப் பற்றி எழுத வந்தால் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

1997-இல் விவாகரத்து. அதற்குள் அரியானாவின் அரசியலும் திசை மாறத் தொடங்கிவிட்டது. வலதுசாரி மேடைகளில் பேசியவர், பெருநிறுவனங்களையும் இராக் போரையும் எதிர்க்கும் பக்கம் வந்தார். 2003-இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகருக்கு எதிராகச் சுயேச்சையாக நின்று, வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன் விலகினார்.

வரவேற்பறையில் பிறந்த பத்திரிகை

2004 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி தோற்றது. துவண்டிருந்த நண்பர்களை லாஸ் ஏஞ்சலிஸ் பிரெண்ட்வுட் வீட்டுக்கு அழைத்தார் அரியானா. வலதுசாரிகளின் கையில் 'டிரட்ஜ் ரிப்போர்ட்' செய்தித் தளம் இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது என்ற பேச்சு ஒரு தளமாகத் திரண்டது. 2005 மே 9 அன்று ஹஃபிங்டன் போஸ்ட் வெளியானது. கூட இருந்தவர்கள் மூவர்: முதலீட்டாளர் கென்னத் லெரர், இணையத்தில் எது பரவும் என்று கணிப்பதில் கெட்டிக்காரரான ஜோனா பெரெட்டி, டிரட்ஜ் ரிப்போர்ட்டில் வேலை பார்த்திருந்த ஆண்ட்ரூ பிரெய்ட்பார்ட். ஒரே அறையில் இருந்த பெரெட்டி பின்னாளில் பஸ்ஃபீட் தளத்தைத் தொடங்கினார். பிரெய்ட்பார்ட் தன் பெயரிலேயே வலதுசாரித் தளம் நடத்தினார். அடுத்த பத்தாண்டு அமெரிக்க இணைய ஊடகத்தின் பாதி அந்த அறையிலிருந்து புறப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அரியானாவின் கையிருப்பு அவருடைய தொலைபேசிப் புத்தகம். நடிகர்கள், பேராசிரியர்கள், செனட்டர்கள் என யாரையும் கூப்பிட்டு எழுதக் கேட்பார். கணினி தெரியாதா, தொலைபேசியில் சொல்லுங்கள், நாங்கள் தட்டிக்கொள்கிறோம். சன்மானம் கிடையாது. பிரபலங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். நகைச்சுவை நடிகர் லாரி டேவிட்டின் பெயர் இருக்கும் பக்கத்தில் என் பெயரும் வரும் என்றால், ஓஹையோவில் இருக்கும் ஓர் ஆசிரியைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

> தளம் ஓடிய விதம்
>
> மூன்று வகைச் சரக்கு. ஒன்று, பதிவர்கள் இலவசமாக எழுதுவது. இரண்டு, மற்றப் பத்திரிகைகளின் செய்தியைச் சுருக்கி, கூடுதல் காரத்தோடு தலைப்பிட்டு, மூலத்துக்கு இணைப்புக் கொடுப்பது. மூன்று, வாசகர் பின்னூட்டம். செய்தி வெளியான முதல் சில நிமிடங்களில் இரண்டு தலைப்புகளை வெவ்வேறு வாசகர்களுக்குக் காட்டுவார்கள். எதை அதிகம் பேர் சொடுக்குகிறார்களோ அது நிற்கும், மற்றது போகும்.
>
> 2011-இல் நியூயார்க் டைம்ஸின் அன்றைய ஆசிரியர் பில் கெல்லர், அடுத்தவர் செய்தியை எடுத்துப் போடும் இந்த வழக்கத்தைச் சோமாலியக் கடற்கொள்ளையோடு ஒப்பிட்டு எழுதினார். அதே ஆண்டு மே மாதத்தில் வாசகர் எண்ணிக்கையில் நியூயார்க் டைம்ஸ் தளத்தையே முந்தியது ஹஃபிங்டன் போஸ்ட்.

ஒரு பாட்டி எடுத்த செய்தி

இந்த முறையில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2008 அதிபர் தேர்தல் பிரசாரத்தை வாசகர்களையே வைத்து எழுத 2007-இல் 'ஆஃப் தி பஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் சேர்ந்தவர் மேஹில் ஃபௌலர், அறுபதைக் கடந்த பெண்மணி. ஒபாமாவின் ஆதரவாளர், அவருக்கு நன்கொடை கொடுத்தவர். 2008 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த நன்கொடைக் கூட்டத்துக்குப் பத்திரிகையாளர்களுக்கு அனுமதியில்லை. ஃபௌலர் நன்கொடையாளராகப் போய் ஒலிப்பதிவு செய்தார். சிறுநகர மக்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா பேசியது அதில் பதிவானது. தான் ஆதரிக்கும் தலைவருக்கே பாதகமான பேச்சு. நாலு நாள் யோசித்தவர் எழுதிவிட்டார். அந்தப் பிரசாரத்தின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்றாக அது நின்றது.

2010-இல் ஃபௌலர் தளத்தை விட்டு விலகினார். சம்பளம் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய்ச் செய்தி கொண்டுவந்தவர், செய்தியாளராகவே நடத்தப்பட விரும்பியதில் என்ன தவறு?

அடுத்த ஆண்டு விற்பனைச் செய்தி வந்ததும் பதிவர்களின் மனக்குறை வெளியே வெடித்தது. பத்திரிகைத் தொழிலாளர் சங்கமான நியூஸ்பேப்பர் கில்ட், யாரும் அந்தத் தளத்துக்கு எழுத வேண்டாம் என்று அழைப்பு விடுத்தது. எழுதுபவர்களுக்குக் கிடைப்பது பரவலான கவனம், பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது நிறுவனத் தரப்பின் வாதம். மார்ச் 2011-இல் ஏ.ஓ.எல் 900 பேரைக் குறைத்தது. அவர்களில் 700 பேர் இந்தியாவில் இருந்தவர்கள். 31.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய அடுத்த மாதமே இது.

> மூன்றில் ஒரு பங்கு கேட்ட வழக்கு
>
> 2011 ஏப்ரலில் எழுத்தாளர் ஜோனதன் தசினி, சுமார் 9,000 பதிவர்கள் சார்பில் 10.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விற்ற விலையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. தசினி இதற்குப் புதியவர் இல்லை. சுயாதீன எழுத்தாளர்களின் கட்டுரைகளை அனுமதியின்றி மின்தரவுத் தளங்களில் போட்டதற்காக நியூயார்க் டைம்ஸ் மேல் வழக்குப் போட்டு, 2001-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர்.
>
> இம்முறை தோற்றார். பணம் இல்லை என்று தெரிந்தேதான் எழுதினார்கள், பேசியபடி விளம்பரம் கிடைத்தது, விலை போன பிறகு பேரத்தை மாற்ற முடியாது என்று 2012 மார்ச்சில் நீதிபதி ஜான் கோல்ட்ல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் சன்மானம் இல்லாமல் எழுதுவது என்ற வழக்கத்தை நாம் இன்னொரு கோணத்தில் அறிவோம். தமிழில் நவீன இலக்கியமே சிற்றிதழ்களில் காசு வாங்காமல் எழுதியவர்களால் வளர்ந்தது. 'எழுத்து' இதழை நடத்திய சி.சு.செல்லப்பா கைக்காசைக் கரைத்தார், புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துபோய் விற்றார். அங்கே எழுதியவருக்கும் வரவில்லை, நடத்தியவருக்கும் வரவில்லை. இருவரும் சேர்ந்து நட்டப்பட்டார்கள், அதனால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஹஃபிங்டன் போஸ்டில் ஒரு பக்கத்துக்குத்தான் காசில்லை. எழுதுகிறவனுக்குப் பணத்தைவிட வாசகன் பெரிது என்ற பலவீனத்தை அரியானா நன்றாகப் படித்திருந்தார். அதை மரியாதையோடும் அன்போடும் பேசிப் பயன்படுத்திக்கொண்டார். அவர் அந்த வழியில் ஜெயித்ததைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் எழுத்துக்குக் காசு கேட்பவரை வினோதமாகப் பார்க்கத் தொடங்கின. எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

சம்பளம் கொடுத்தபோது

இதே தளம் சம்பளம் கொடுத்து நிருபர்களை வைத்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். போர்முனைச் செய்தியில் பழுத்த அனுபவமுள்ள டேவிட் வுட்டை வேலைக்கு எடுத்தார்கள். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை, கால் இழந்து திரும்பிய வீரர்களோடும் அவர்களின் குடும்பங்களோடும் மாதக்கணக்கில் பழகி அவர் எழுதிய பத்துப் பகுதித் தொடர், 2012-இல் புலிட்சர் பரிசு பெற்றது. கிளிக் எண்ணும் தளம் என்று ஒதுக்கியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தப் பரிசில் அரியானாவின் பங்கையும் மறுக்க முடியாது. அப்படி ஒரு தொடருக்குக் காலமும் காசும் ஒதுக்க ஒப்புக்கொண்டது அவர் தலைமையில் இருந்த ஆசிரியர் குழு.

தளம் நாடு நாடாகப் பரவியது. பிரான்சில் லெ மோந்த், ஸ்பெயினில் எல் பாயீஸ், ஜப்பானில் அசாஹி என உள்ளூர்ப் பெரும் பத்திரிகைகளோடு கைகோத்தது. 2014-இல் அரியானா பிறந்த கிரேக்கத்துக்கும் போனது.

> தூக்கம் என்ற இரண்டாவது தொழில்
>
> 2007 ஏப்ரலில் ஒருநாள் அரியானா வீட்டில் மயங்கி விழுந்து கன்ன எலும்பை உடைத்துக்கொண்டார். மருத்துவர்கள் தேடித் தேடிக் கண்டுபிடித்த நோய்: அளவுக்கு மீறிய களைப்பு. அதன்பின் அலுவலகத்தில் குட்டித் தூக்கத்துக்கென்று அறை ஒதுக்கினார். 2014-இல் 'திரைவ்', 2016-இல் 'தி ஸ்லீப் ரெவல்யூஷன்' என்று புத்தகங்கள் எழுதினார். 2016 ஆகஸ்டில் ஹஃபிங்டன் போஸ்டிலிருந்து விலகுவதாக அறிவித்து, ஊழியர் நலனுக்கான 'திரைவ் குளோபல்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஊபர் நிறுவனம் பாலியல் தொல்லைப் புகார்களில் சிக்கித் தவித்த 2017-இல் அதன் இயக்குநர் குழுவில் இருந்தவர். 2024-இல் ஓபன்ஏஐயின் முதலீட்டு நிதியோடு சேர்ந்து, செயற்கை நுண்ணறிவு மூலம் உடல்நல ஆலோசனை சொல்லும் நிறுவனத்தை அறிவித்தார்.

அவர் போன பிறகு

2015-இல் ஏ.ஓ.எல்லை 440 கோடி டாலருக்கு வெரைசன் வாங்கியது. தொலைபேசி நிறுவனத்துக்குச் செய்தித்தளம் தலைவலி. அரியானாவுக்குப் பின் ஆசிரியரான லிடியா பொல்கிரீன், 2018 ஜனவரியில் இலவசப் பதிவர் பகுதியை அமெரிக்காவில் மூடினார். அப்போது அதில் எழுத அனுமதி பெற்றிருந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பொய்ச் செய்தி பெருகிவிட்ட காலத்தில், யார் வேண்டுமானாலும் எதையும் போடலாம் என்ற திறந்த கதவு ஆபத்தாகிவிட்டது என்றார். இலவசமாக எழுத விரும்பியவர்கள் அதற்குள் முகநூலுக்கும் ட்விட்டருக்கும் போய்விட்டிருந்தார்கள். பதிவர்களின் உழைப்பில் விளம்பர வருமானம் பார்க்கும் வித்தையை அந்த நிறுவனங்கள் பல மடங்கு பெரிதாகச் செய்தன. நாமும் தினமும் அங்கேதான் எழுதுகிறோம், படம் போடுகிறோம், ரீல்ஸ் எடுக்கிறோம்.

தேடல் கேள்வியைத் தலைப்பாக்கும் வித்தைக்கும் ஆயுள் குறைந்துவிட்டது. கூகுளே செயற்கை நுண்ணறிவில் பதிலைத் தொகுத்து மேலே காட்டிவிடுகிறது. ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டவர் செய்தித்தளத்துக்குள் காலெடுத்து வைக்க வேண்டியதே இல்லை.

2020 நவம்பரில் தளத்தை வாங்குவதாக அறிவித்தது பஸ்ஃபீட், அதாவது அரியானாவோடு முதல் நாள் உட்கார்ந்திருந்த ஜோனா பெரெட்டி. அடுத்த மார்ச்சில், கை மாறிய சில வாரங்களில், அமெரிக்காவில் 47 பேர் வேலையிழந்தார்கள். கனடா பதிப்பு மூடப்பட்டது. 2023 ஏப்ரலில் பெரெட்டி தன் சொந்தச் செய்திப் பிரிவான பஸ்ஃபீட் நியூஸையே மூடி, இனி செய்தி என்றால் ஹஃப்போஸ்ட் (ஹஃபிங்டன் போஸ்டின் புதிய பெயர்) மட்டும்தான் என்றார்.

இந்தியப் பதிப்பின் கதை

2014 டிசம்பரில் டைம்ஸ் குழுமத்தோடு சேர்ந்து ஹஃபிங்டன் போஸ்டின் இந்தியப் பதிப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் அதுவும் பதிவர்கள், பட்டியல்கள், பரபரப்புத் தலைப்புகள் என்றுதான் போனது. கூட்டு முடிந்த பிறகு, ஆசிரியர் அமன் சேத்தி காலத்தில், சின்னக் குழுவை வைத்துக்கொண்டு புலனாய்வில் இறங்கியது.

2019 நவம்பரில் நிதின் சேத்தி எழுதிய தொடர் அதில் வந்தது. ஆதாரம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆர்வலர் லோகேஷ் பத்ரா கேட்டு வாங்கிய அரசு ஆவணங்கள். அரசியல் கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்ததையும், அந்த எதிர்ப்பு ஒதுக்கித் தள்ளப்பட்டதையும் கோப்புகளை வைத்தே காட்டியது அந்தத் தொடர். நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. கோப்பைப் புரட்டி, தேதியைச் சரிபார்த்து, குறிப்பு எழுதிய அதிகாரி யார் என்று தேடி எழுதுகிற இந்த மாதிரி வேலையை யாரும் ஓய்வு நேரத்தில் இலவசமாகச் செய்ய முடியாது. சம்பளம் வாங்கும் நிருபர், பின்னால் நிற்கும் ஆசிரியர், வழக்கு வந்தால் வாதாட வக்கீல் என மூன்றும் வேண்டும்.

ஓராண்டுதான். டிஜிட்டல் செய்தி நிறுவனங்களில் வெளிநாட்டு முதலீடு 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் வரம்பு வைத்திருந்தது. வெளிநாட்டு நிறுவனமான பஸ்ஃபீடால் இந்தியப் பதிப்பை எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2020 நவம்பர் 24 அன்று அதை மூடிவிட்டார்கள். ஒரு டஜன் பேர் வேலையிழந்தார்கள். பழைய செய்திகளும் அப்போது தளத்தோடு போயின. நிருபர்களால் தாங்கள் எழுதியதைத் தாங்களே எடுத்துக்காட்ட முடியாத நிலை ஏற்பட்டது.

அந்தத் தொடர் வெளியாகி நாலே கால் ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரி 15 அன்று, தேர்தல் பத்திரத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.